அணிக்கு எந்தப் பேய் வகைப் போக்கிமான்?

கேள்வி: போக்கிமான் வீடியோ விளையாட்டில் என் போட்டி அணியில் ஓரிடம் காலியாக உள்ளது. அதில் கெங்கரைச் சேர்ப்பதா, மிமிக்யூவைச் சேர்ப்பதா?

மறுமொழி 1: சாதாரண வகை, சண்டை வகைத் தாக்குதல்கள் பேய்களைத் தீண்டுவதில்லை என்பதால், எதிராளி அவற்றை ஏவும் தருணத்தைக் கணித்துக் களமிறக்குவதில்தான் இவற்றின் பயன் இருக்கிறது. கெங்கரின் அடிப்படை வேகம் 110, உயிராற்றலோ 60 மட்டுமே. வலுவான ஓர் அடியே அதைச் சாய்த்துவிடக்கூடும். மிமிக்யூவின் ‘மாறுவேடம்’ என்னும் தனித்திறன் முதல் அடியைத் தாங்கிக்கொள்ளும். உயிராற்றலில் எட்டில் ஒரு பங்கு போனாலும், அதே சுற்றில் ‘சோர்ட்ஸ் டான்ஸ்’ (வாள் நடனம்) என்னும் உத்தியை ஆடித் தாக்குதல் திறனை இரட்டிப்பாக்கினால் ஆட்டமே கைமாறிவிடும். என் தேர்வு மிமிக்யூதான்.

மறுமொழி 2: வேகமே முக்கியமென்றால் 142 வேகம் கொண்ட, டிராகன்–பேய் வகையான டிராகபல்ட்டையும் கருதுங்கள். ஆனால் பேய், இருள் வகைத் தாக்குதல்கள் அதை இருமடங்கு தாக்கும். மிமிக்யூவோ தேவதை வகையும் என்பதால் இருள் வகைத் தாக்குதல் அதை இருமடங்காக அல்ல, வழக்கமான அளவிலேயே தாக்கும்.