கெயார் ஹோமில் வேலை: 12 மணித்தியாலமா, 16 ஆ?

இல்போர்ட் அம்மா:
வணக்கம். நானும் இரண்டு பிள்ளைகளும்தான். பெரியவளுக்கு ஆறு, சின்னவனுக்கு மூன்று வயது. வாடகை வீடு. பிரித்தானிய அரசு தருகிற உதவிப்பணமான யுனிவர்சல் கிரெடிட் வருகிறது, ஆனால் பெனிபிட் கப் (ஒரு குடும்பத்துக்குத் தருகிற மொத்த உதவிக்கு வைத்த உச்ச வரம்பு) போட்டு வெட்டித்தான் தருகிறார்கள். பக்கத்துக் கெயார் ஹோம் சமையலறையில் வேலை சரிவந்திருக்கிறது. கிழமைக்கு 12 மணித்தியாலமும் செய்யலாம், 16 உம் செய்யலாமாம். கூட உழைத்தால் கூட வெட்டுவார்கள், 12 போதும் என்கிறார்கள் தெரிந்தவர்கள். உண்மையா?

ஈஸ்ட்ஹாம் அக்கா:
தங்கச்சி, 16 ஐ எடுங்கள். சனிக்கிழமைகளில் எங்கள் கோவில் மண்டபத்தில் படிவம் நிரப்பிக் கொடுக்கிறேன். இந்தப் பயத்தில் குறைய நேரம் எடுத்து நட்டப்பட்ட பெண்களைப் பார்க்க வயிறு எரிகிறது.

இங்கே சொல்கிற தொகைகள் எல்லாம் 2025-26 கணக்கு. அதில் குறைந்தபட்சச் சம்பளம் மணிக்கு 12.21 பவுண். கிழமைக்கு 16 மணித்தியாலம் என்றால் மாதம் 846 பவுண் வரும். வாடகைக்கும் காசு எடுக்கிற உங்களைப் போன்றவர்களுக்கு முதல் 411 பவுணைத் தொடமாட்டார்கள். மிச்சத்தில்தான் பவுணுக்கு 55 பென்ஸ் கழிப்பார்கள், அது 240 பவுண் அளவில் வரும். முக்கியமானது, மாத உழைப்பு 846 ஐத் தொட்டால் கப்பையே எடுத்துவிடுவார்கள். 12 இல் நின்றால் அது அப்படியே இருக்கும்.

அப்புறம் சின்னவன். கிழமைக்கு 195 பவுண் உழைத்தால் பள்ளித் தவணைக் காலத்தில் கிழமைக்கு 30 மணித்தியாலம் நேர்சரி இலவசம். அதற்கு மேல் போனால் செலவில் 85 வீதம் யுனிவர்சல் கிரெடிட் தரும், ஆனால் முதலில் நீங்கள் கட்ட வேண்டும். பலர் வேலையைக் கைவிடுவது இந்த இடத்தில்தான். 2023 ஜூனில் இருந்து அந்த முதல் கட்டணத்துக்கு, யுனிவர்சல் கிரெடிட்டைப் பார்க்கிற அரசு அலுவலகமான ஜொப் சென்டரே உதவலாம். வேலை தொடங்க முதலே உங்கள் யுனிவர்சல் கிரெடிட் இணையக் கணக்கில் இருக்கிற ஜேர்னலில் எழுதிக் கேளுங்கள். ஆங்கிலம் தடக்கினால் மொழிபெயர்ப்பாளரையும் கேளுங்கள், அதற்குக் காசில்லை.

ரூட்டிங் தம்பி:
அக்கா சொன்னது சரி, ஆனால் சம்பளம் மாதத்துக்கு ஒருக்காவா, நாலு கிழமைக்கு ஒருக்காவா? நாலு கிழமைச் சம்பளம் என்றால் 16 மணித்தியாலத்துக்கு 781 பவுண்தான் வரும். 846 ஐத் தொடாது, கப் விலகாது. இதை எதிர்த்து ஒரு தாய் வழக்குப் போட்டு வென்றார், 2021 மேல்முறையீட்டில் அது அரசு பக்கம் போய்விட்டது. கையெழுத்துப் போட முதல் மாதச் சம்பளமாகத் தரச் சொல்லுங்கள். முடியாதென்றால் 18 மணித்தியாலம் கேளுங்கள், 879 வரும்.

இல்போர்ட் அம்மா:
கடிதத்தில் பார்த்தேன், நாலு கிழமைக்கு ஒருக்காத்தான். இரண்டு பேருக்கும் பெரிய நன்றி. நாளைக்கு மனேஜரிடம் 18 கேட்கிறேன். தம்பி, அந்த 846 வரிக்கு முந்தியா, கையில் வருகிற காசா?

ரூட்டிங் தம்பி:
கையில் வருகிறதுதான். இந்தச் சம்பளத்துக்கு வரி வராது. பென்சன் பிடித்தால் மட்டும் கொஞ்சம் குறையும், அதையும் மனேஜரிடம் கேட்டுவிடுங்கள்.