மறு: ‘ஃபாரின் கீ’க்குத் தமிழ்: அயற்சாவியா, சுட்டுப்புலமா?

> மூலச்சொல்லுக்கு நேராக ‘அயற்சாவி’ என்றே வைத்துக்கொள்ளலாமே.

ஐயா, வணக்கம். தரவுத்தளத்தில் ஒரு வரிசையிலிருந்து வேறொரு வரிசையைக் குறிக்கும் புலத்தை (நெடுவரிசையை) ‘ஃபாரின் கீ’ என்கிறார்கள். அதை ‘அயற்சாவி’ என்று நீங்கள் சொன்னதற்குத்தான் இந்தப் பதில்.

செயலியை முடிவு செய்துவிட்டோம். பள்ளிக்கரணைப் பறவைக் கணக்கை மாணவர்கள் இணையத்திலேயே பதிய முதலில் ஏர்டேபிள் என்ற இணைய அட்டவணைச் செயலியைப் பார்த்தோம். இலவசத் திட்டத்தில் 1,000 பதிவுகள்தான். ஒரு பருவத்திலேயே நிரம்பிவிடும். அதனால் கிரிஸ்ட் என்ற இன்னோர் அட்டவணைச் செயலி. திறமூலம், உலாவியிலேயே ஓடுகிறது, ஒவ்வோர் ஆவணமும் ஒரு எஸ்கியூலைட் கோப்பு, அதாவது ஒரே கோப்பில் அடங்கும் தரவுத்தளம். இறக்கி வைத்துக்கொண்டால் நாளைக்குச் சேவையே நின்றாலும் தரவு நம் கையில் இருக்கும்.

அப்புறம், அந்தச் சொல். விரிதாளில் ஒருவர் ‘மைனா’ என்றும் இன்னொருவர் ‘நாகணவாய்’ என்றும் எழுதினால் ஒரே பறவை இரண்டாகிவிடும். கிரிஸ்டில் பறவைகளுக்குத் தனி அட்டவணை வைத்திருக்கிறோம். பார்த்ததைப் பதியும்போது பெயரை எழுதுவதில்லை, அந்த அட்டவணையில் ஒரு வரிசையைச் சுட்டிக்காட்டுகிறோம். சாவிக்கு இங்கே வேலையே இல்லை.

‘அயல்’ அதைவிடச் சிக்கல். தொடர்புத் தரவுத்தள முறையை முன்வைத்த 1970 கட்டுரையில் இந்தச் சொல்லை வரையறுத்த எட்கர் காட், சுட்டுவதும் சுட்டப்படுவதும் ஒரே அட்டவணையாக இருக்கலாம் என்று அப்போதே இடம் விட்டிருக்கிறார். எங்கள் உறுப்பினர் அட்டவணையில் ‘வழிகாட்டி’ என்றொரு புலம் உண்டு: முதலாண்டு மாணவருக்குப் பொறுப்பான மூத்தவர். அவரும் அதே அட்டவணையில்தான் இருக்கிறார். இதில் அயல் எங்கே?

என் பரிந்துரை ‘சுட்டுப்புலம்’. அ, இ, உ சுட்டெழுத்து என்று பள்ளியில் படித்ததுதான். ‘அவள்’ என்றால் முன்பே பெயர் சொன்ன ஒருத்தியைக் குறிக்கிறதல்லவா, அதே வேலை. ‘சுட்டி’ ஏற்கெனவே மவுசுக்கும் இணைப்புக்கும் போய்விட்டது.

— — —

தம்பி,

தன்னையே சுட்டும் அட்டவணை என்ற வாதம் சரி. அயலை விட்டுவிடுகிறேன். ஆனால் ஒவ்வொரு வரிசையையும் தனித்து அடையாளம் காட்டும் ‘பிரைமரி கீ’யை முதன்மைச்சாவி என்று ஏற்றிருக்கிறோம். இரண்டும் சோடி என்று படிப்பவருக்குத் தெரிய வேண்டும். ‘சுட்டுச்சாவி’ என்றால் என்ன?

— — —

ஐயா, தரவுத்தள வினவல் மொழியான எஸ்கியூஎல் பாடத்துக்குச் சுட்டுச்சாவியே நல்லது, அப்படியே ஏற்கிறேன். கிரிஸ்டின் திரையில் சாவி என்ற பேச்சே வராது. அங்கே புல வகையின் பெயர் ‘ரெஃபரன்ஸ்’. அதற்கு மட்டும் சுட்டுப்புலம் இருக்கட்டும். சொற்பட்டியலில் இரண்டையும் தனித்தனியாக ஏற்றுகிறேன். ஒரே புலத்தில் பல வரிசைகளைச் சுட்டும் ‘ரெஃபரன்ஸ் லிஸ்ட்’டுக்குப் ‘பன்மைச்சுட்டு’ என்று போட்டிருக்கிறேன். பொருந்துமா என்று சொல்லுங்கள்.