வீடியோ வைத்தியத்தில் பிள்ளைக்குப் பக்கத்திலேயே அம்மா: சரியா?

செல்லூர்க்காரன்:
2020 ஜூன் 24-லிருந்து மதுரையில் மறுபடி முழு ஊரடங்கு. அதற்கு முன்னால்தான் பத்தாவது பரீட்சை ரத்தானது. எல்லாப் பிள்ளைகளும் துள்ளிக் குதிக்க, அக்கா மகள் மட்டும் தூங்காமல், யாரோடும் பேசாமல் கிடந்தாள். மனநல டாக்டர் வீடியோவில் பார்த்தார். எங்கள் வீடு ஒரே அறை. பக்கத்தில் அக்கா, அடுப்படியில் அப்பத்தா. என்ன கேட்டாலும் "ஒண்ணுமில்ல சார்". அதை வைத்தே மாத்திரை எழுதிவிட்டார். இது எந்த ஊர் நியாயம்?

திருமங்கலம் டீச்சர்:
தம்பி, அவர் விதிப்படிதான் நடந்திருக்கிறார். 2020 மார்ச் 25-ல் வந்த தொலைமருத்துவ வழிகாட்டுதல்படி, மைனரோடு ஒரு பெரியவர் இருந்தால்தான் பார்க்கலாம். பிள்ளைக்கு ஏதாவது ஆனால் போனுக்குள்ளிருந்து டாக்டர் குதித்து வருவாரா?

செல்லூர்க்காரன்:
கூட இருக்கட்டும் டீச்சர், காதுக்குள்ளேயா உட்காரணும்? வீட்டு ஆளே அடித்திருந்தால் எப்படிச் சொல்லுவாள்? கிளினிக் என்றால் "அம்மா, கொஞ்சம் வெளியே இருங்க" என்று அனுப்பிவிடலாம்.

உசிலம்பட்டி மச்சான்:
உங்களுக்காவது மாத்திரை கிடைத்தது. என் மகனுக்கு ஏ.டி.எச்.டி., அதாவது கவனம் நிற்காமல் ஓயாமல் துறுதுறுக்கும் கோளாறு. அவனுக்குக் கொடுக்கும் மெத்தில்ஃபெனிடேட், கடுமையான கட்டுப்பாடுள்ள ஷெட்யூல் எக்ஸ் பட்டியல் மருந்து, வீடியோவில் எழுதவே கூடாது. பாஸ் வாங்கி, போலீசுக்குச் சீட்டைக் காட்டி மதுரைக்கு அலைந்தேன். சரி, நீங்கள் பேசுங்கள்.

வைகைக்கரை நர்ஸ்:
மனநல வார்டில் இருந்தவள் சொல்கிறேன். ஹெட்போன் மாட்டச் சொல்லி, ஆமாம் இல்லை என்று பதில் வரும்படி கேட்டிருக்கலாம். மாடிக்குப் போகச் சொல்லியிருக்கலாம். ஆனால் பாலியல் கொடுமை என்று பிள்ளை சொன்னால் ரகசியமாக வைக்க முடியாது. பிள்ளைகளைப் பாலியல் கொடுமையிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 19-வது பிரிவுப்படி புகார் கொடுத்தே ஆகணும். அதைப் பேச்சை ஆரம்பிக்கும்போதே பிள்ளையிடம் சொல்லிவிடணும். சொன்னபிறகு வாய் திறக்குமா என்பது வேறு கதை.

திருமங்கலம் டீச்சர்:
குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் போன் போட்டாச்சு என்றே வைப்போம். ஊரடங்கில் அன்றைக்கு ராத்திரி அந்தப் பிள்ளை எங்கே படுக்கும்?

வைகைக்கரை நர்ஸ்:
அதுக்காகக் கேட்காமலே விட்டுவிடுவதா டீச்சர்? அந்த ராத்திரிக்கு இடம் பார்த்து வைத்துக்கொண்டுதான் கேட்கணும்.

செல்லூர்க்காரன்:
அடுத்த முறை நாங்களும் மாடிக்குத்தான் அனுப்பினோம். நாற்பது நிமிஷம் பேசினாள்.

திருமங்கலம் டீச்சர்:
மாடிக்கா? அந்த மனநிலையில் இருக்கிற பிள்ளையைத் தனியாகவா?

செல்லூர்க்காரன்:
படி வாசலில் அக்கா இருந்தாள். பேச்சு கேட்காது, ஆள் தெரியும்.

திருமங்கலம் டீச்சர்:
அப்படி உட்காரச் சொன்னது டாக்டரா?

செல்லூர்க்காரன்:
இல்லை. அக்காவாகத்தான் போய் உட்கார்ந்தாள்.