பையன் போனை ரகசியமாகப் பார்க்கலாமா?

கேள்வி
என் மகனுக்கு 15 வயது, பத்தாவது படிக்கிறான். கணவர் சவுதியில் வேலை பார்க்கிறார். நான் திருச்சியில் தையல் கடை வைத்திருக்கிறேன். போன வாரம் இவனும் கூட்டாளிகளும் பக்கத்துத் தெரு பைக்கில் பெட்ரோல் திருடி மாட்டிக்கொண்டார்கள். வண்டிக்காரர் போலீசுக்குப் போகவில்லை. இனி அவன் போனை ரகசியமாகப் பார்க்கலாமா? ஹாஸ்டலில் சேர்த்துவிடு என்று சொந்தக்காரர்கள் சொல்கிறார்கள்.

பதில்
செல்லம் கொடுத்ததுதான் காரணம். போனைப் பிடுங்கிவிட்டு நாலு அடி போடுங்கள், சரியாகிவிடுவான்.

பதில்
அடிக்க வேண்டாம் சகோதரி. 18 வயதுக்குட்பட்டவர்கள் மீதான குற்ற வழக்குகளை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்தில் சமூகப்பணி உறுப்பினராக இருந்திருக்கிறேன். அங்கே வந்த பையன்களில் அடி வாங்காதவன் அபூர்வம். "ராத்திரி எங்கே போகிறாய் என்று வீட்டில் சொல்வாயா?" என்று கேட்டால், "சொன்னா தோலை உரிச்சிடுவாங்க மேடம்" என்பார்கள். சின்னத் தப்பிலேயே வீட்டில் வாய் திறந்திருந்தால் பாதிப் பேர் எங்களிடம் வந்திருக்கவே மாட்டார்கள்.

திருட்டு நடக்கிற இடத்தில் எந்த அம்மாவும் போய் நிற்க முடியாது. கை நீளும் அந்த நேரத்தில் பையனுக்கு அம்மா ஞாபகம் வருகிறதா என்பதுதான் முக்கியம் என்று அமெரிக்கக் குற்றவியல் ஆய்வாளர் ட்ராவிஸ் ஹிர்ஷி 1969இல் எழுதினார். கலிபோர்னியாவில் 4,000க்கும் மேற்பட்ட மாணவர்களிடம் கேட்டுப் பார்த்தவர் அவர். உங்கள் கேள்விக்கு நேராகப் பதில் சொல்வது ஸ்வீடன் ஆய்வு. உளவியல் ஆய்வாளர்கள் ஹோகன் ஸ்டாட்டின், மார்கரெட் கெர் இருவரும் 14 வயதுப் பிள்ளைகளைப் பற்றி 2000இல் வெளியிட்டது. பெற்றோருக்குத் தெரிந்திருந்ததில் பெரும்பகுதி பிள்ளையே தானாக வந்து சொன்னது. துருவிக் கேட்டும் காவல் காத்தும் தெரிந்துகொண்டது குறைவு. நீங்கள் போனைத் திருட்டுத்தனமாகப் பார்ப்பது அவனுக்குத் தெரிந்துவிட்டால், அவன் வாயிலிருந்து வருவதும் நின்றுபோகும்.

கேள்வி கேட்டவர்
அவன் அப்பாவிடம் சொல்லவா? போனிலேயே கத்துவார், பயமாக இருக்கிறது.

பதில்
மறைக்காதீர்கள். முதலில் அவரிடம் தனியாகச் சொல்லி, கோபம் அடங்கிய பிறகு பையனிடம் போனைக் கொடுங்கள். அப்புறம் வெள்ளிக்கிழமை லீவில் கிரிக்கெட், சாப்பாடு என்று சும்மாவும் பேசட்டும். மார்க் கேட்கவும் திட்டவும் மட்டுமே போன் செய்கிற அப்பாவிடம் எந்தப் பையன் மனம் விட்டுப் பேசுவான்?

ஹாஸ்டல் பேச்சை இப்போதைக்கு விடுங்கள். 2015 இளைஞர் நீதிச் சட்டப்படி, குழுமம்கூட அறிவுரை சொல்லி வீட்டுக்கே அனுப்பலாம். பிரித்து வைப்பது கடைசி வழி. பெட்ரோல் காசை அவன் கையாலேயே வண்டிக்காரரிடம் கொடுக்கச் சொல்லுங்கள், நீங்களும் கூடப் போங்கள். திரும்பி வரும்போது அவனாக ஏதாவது சொல்ல ஆரம்பித்தால், முடிக்கும்வரை குறுக்கே பேசாதீர்கள்.