பழைய க்ரூஸர்: குறைவாக ஓடியதா, நிறைய ஓடியதா, எதை நம்பலாம்?

கேட்டவர்: தண்டையார்பேட்டை வாசி

அனைவருக்கும் வணக்கம். தண்டையார்பேட்டையிலிருந்து மணலிக்கு நாள்தோறும் வேலைக்குப் போய்வருகிறேன். பதினோரு ஆண்டுகளாக 150 சிசி வண்டியையே ஓட்டிவந்த எனக்கு, நாற்பது வயதை நெருங்கும் இந்த நேரத்தில், காலை முன்னால் நீட்டி அமர்ந்து ஓட்டும் பெரிய க்ரூஸர் ஒன்று வேண்டும் என்ற ஆசை வந்துவிட்டது. புதியது வாங்க வசதி இல்லை. மூன்று லட்சத்துக்குள் தேடியதில் இரண்டு வண்டிகள் கண்ணில் பட்டிருக்கின்றன.

முதலாவது, 2017-ஆம் ஆண்டின் ஹார்லி டேவிட்சன் ஸ்ட்ரீட் 750. ஒரே ஓனர். காசிமேட்டில், கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் உள்ள ஒரு வீட்டின் வாசலில் கவர் போட்டு நிற்கிறது. எட்டு ஆண்டுகளில் 9,200 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது. 2,60,000 ரூபாய் சொல்கிறார். இரண்டாவது, 2023-ஆம் ஆண்டின் ராயல் என்ஃபீல்டு சூப்பர் மீட்டியர் 650. மாதவரத்தில் இருக்கிறது. அதுவும் முதல் ஓனரிடம்தான் உள்ளது, ஆனால் 31,000 கிலோமீட்டர் ஓடிவிட்டது, விலை 2,90,000.

ஓடோமீட்டரைப் பார்த்தால் மனம் ஹார்லியின் பக்கமே சாய்கிறது. "அந்தக் கம்பெனிதான் நாட்டை விட்டே போய்விட்டதாமே" என்று மனைவி கேட்கிறார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. பெரிய வண்டிகளை வைத்து ஓட்டியவர்கள் வழி சொல்ல வேண்டும்.

பதில்: கோன்செட்

தம்பி, உங்கள் வீட்டம்மாவின் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். இந்தியாவில் உற்பத்தியை நிறுத்துவதாக ஹார்லி 2020 செப்டம்பரில் அறிவித்தது உண்மை. ஆனால் அடுத்த மாதமே ஹீரோ மோட்டோகார்ப்புடன் ஒப்பந்தம் போட்டு, விற்பனையையும் சர்வீஸையும் உதிரி பாகங்களையும் அவர்கள் பொறுப்பில் விட்டது. ஆகவே அது அநாதை வண்டி அல்ல. ஹரியானாவின் பாவலில் ஒருங்கிணைக்கப்பட்ட ஸ்ட்ரீட் வரிசை மட்டும் அத்தோடு முடிந்துபோயிற்று. அதன் 749 சிசி வி-ட்வின் (V வடிவில் இரண்டு சிலிண்டர் கொண்ட) எஞ்சின் இங்கே ஸ்ட்ரீட் 750, ஸ்ட்ரீட் ராட் ஆகிய இரண்டு வண்டிகளில்தான் வந்தது. சூப்பர் மீட்டியரில் இருக்கும் 648 சிசி எஞ்சினோ 2018 முதல் அதே நிறுவனத்தின் இன்டர்செப்டரிலும் கான்டினென்டல் ஜிடியிலும் ஓடிக்கொண்டிருக்கிறது. அதன் வால்வு இடைவெளியைத் திருகும் நட்டும் வைத்தே சரிசெய்துவிடலாம் என்பதால் அனுபவமுள்ள எந்த மெக்கானிக்கும் கை வைக்கத் தயங்குவதில்லை. 1955-இல் உருவான என்ஃபீல்டு இந்தியா திருவொற்றியூரில் ஆலை வைத்ததால், நம் பக்கத்தில் அந்த நிறுவனத்தின் வண்டியைப் பிரித்துப் பூட்டத் தெரிந்த கைகளுக்கு ஒருநாளும் பஞ்சம் இருந்ததில்லை. பழைய வண்டியின் நம்பகத்தை எடைபோடும்போது எனக்குப் பாதிக் கணக்கு இதுதான்: உடைந்த பாகம் எத்தனை நாளில் கைக்கு வரும்?

மீதிக் கணக்கு, வண்டி எப்படி நின்றது என்பது. ஆண்டுக்கு ஆயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர் ஓடிய வண்டி மற்ற நாள்களில் எல்லாம் உப்புக்காற்றில் நின்றிருக்கிறது. இன்றைய பெட்ரோலில் கலந்துள்ள எத்தனால் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். டேங்க் பாதி காலியாக மாதக்கணக்கில் நின்றால் அந்த நீர் அடியில் தங்கித் துருவாகி, பிறகு ஃப்யூயல் பம்பையும் இன்ஜெக்டரையும் பதம் பார்க்கும். பிரேக் ஆயிலும் ஈரத்தை உறிஞ்சும் தன்மை உடையதே. முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கின் ஆயில் சீல் அசையாமல் கிடந்தே காய்ந்து, ஓட்டத் தொடங்கிய பிறகு கசியும். டயரில் பட்டன் எத்தனை மீதம் என்று மட்டும் பார்க்காதீர்கள். பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும், அதில் 2217 என்றிருந்தால் 2017-இன் 22-ஆவது வாரத்தில் செய்தது என்று பொருள். எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் அந்த டயரை நம்பி மழையில் எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிக்குப் பக்கத்தில் போகக் கூடாது.

இரண்டு வண்டியையும் வெள்ளம் தொட்டதா என்று கட்டாயம் பாருங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது நம் பக்கத்துத் தெருக்களில் இடுப்பளவு நீர் நின்றதை நாம் மறக்கவில்லை. விற்பவர்களுக்குத்தான் சில சமயம் மறந்துவிடுகிறது. சீட்டைக் கழற்றி ஃபியூஸ் பெட்டிக்குள்ளும் ஹெட்லைட்டின் பின்பக்க ஒயர் இணைப்புகளிலும் பச்சைக் களிம்பு இருக்கிறதா என்று பாருங்கள். எஞ்சின் ஆயில் பால் கலந்த தேநீரின் நிறத்தில் இருந்தால், பேரம் பேசாமல் திரும்பிவிடுங்கள்.

பதில்: மூலக்கடை முனை

வண்டியைப் பற்றிக் கோன்செட் ஐயா சொல்லிவிட்டார். நான் காகிதத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். கடனில் வாங்கிய வண்டியாக இருந்தால் வங்கியின் தடையில்லாச் சான்றும், ஆர்சியில் உள்ள கடன் பதிவை நீக்குவதற்கான படிவம் 35-உம் இல்லாமல் முன்பணம் கொடுக்காதீர்கள். பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் விற்பவரின் கையெழுத்தை உங்கள் கண் முன்னே வாங்குங்கள். பெயர் மாறிய 14 நாளுக்குள் காப்பீட்டையும் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். பழைய ஓனரின் நோ கிளெய்ம் போனஸ் உங்களுக்கு வராது. 350 சிசிக்கு மேற்பட்ட வண்டிக்கு மூன்றாம் நபர் காப்பீட்டின் அடிப்படைக் கட்டணம் 2022 ஜூன் அறிவிப்பின்படி ஆண்டுக்கு 2,804 ரூபாய். உங்கள் 150 சிசி வண்டிக்கு அது 714.

பதில்: பழவேற்காடு ஞாயிறு

குறைந்த கிலோமீட்டர் வண்டி என்றாலே பயப்பட வேண்டும் என்பதை நான் முழுதாக ஏற்கவில்லை. மாதம் இரண்டு முறையாவது எஞ்சின் நன்றாகச் சூடேறும்வரை ஓட்டி, ஆண்டுக்கு ஒருமுறை ஆயிலை மாற்றியிருந்தால் அது நல்ல வண்டிதான். அதற்குச் சர்வீஸ் பில்கள் இருக்கின்றனவா என்பதே கேள்வி. ஸ்ட்ரீட் 750-இல் செயினுக்குப் பதில் பெல்ட் என்பதால் எண்ணெய் போடும் வேலையே இல்லை. பல்லிடுக்கில் கல் சிக்கிக் கிழிந்திருக்கிறதா என்று மட்டும் ஒரு முழுச் சுற்று சுற்றிப் பார்க்க வேண்டும். தண்ணீரால் குளிரும் எஞ்சின் என்பதால், நிறுத்திய நிலையிலேயே ரேடியேட்டர் விசிறி தானாக ஓடத் தொடங்கும்வரை எஞ்சினை ஓடவிட்டுப் பாருங்கள். விசிறி ஓடாவிட்டால், துறைமுகக் கேட்டுக்கு முன்னால் லாரி வரிசையில் மாட்டிக்கொள்ளும் நாளில் அழுகைதான்.

ஆனாலும் உதிரி பாகத்தைப் பற்றி ஐயா சொன்னது என் அனுபவத்தில் மெய்யாயிற்று. என்னிடம் இருப்பதும் ஒரு வெளிநாட்டு க்ரூஸர்தான், பெயர் வேண்டாம். கையளவு ரப்பர் குழாய் ஒன்றுக்காக அது ஒன்பது வாரம் கொட்டகையில் நின்றது. அந்த ஒன்பது வாரமும் நான் வேலைக்குப் போனது என் தம்பியின் ஸ்கூட்டரில். எனக்கு அது ஞாயிற்றுக்கிழமை வண்டி, பழவேற்காடு போய் மீன் வாங்கி வருவேன், அவ்வளவுதான். நீங்களோ தினமும் மணலிக்குப் போக வேண்டியவர்.

கேட்டவர்: தண்டையார்பேட்டை வாசி

மூவருக்கும் நன்றி. நேற்று மாலை காசிமேட்டுக்குப் போய்வந்தேன். இரண்டு டயரிலும் 2017-இன் எண்ணே இருக்கிறது. கடைசி சர்வீஸ் பில் 2021-ஆம் ஆண்டினது. நான் போய்ச் சேர்வதற்கு முன்பே ஓனர் எஞ்சினை ஓடவிட்டுச் சூடாக்கி வைத்திருந்தார். பேட்டரிக்குப் பக்கத்து இணைப்புகளில் நீங்கள் சொன்ன பச்சைக் களிம்பைப் பார்த்தேன். நல்ல மனிதர், எதையும் மறைக்கவில்லை, "ஓட்ட நேரமே இல்லை தம்பி" என்றுதான் சொன்னார். டயர், பிரேக் ஆயில், ஃபோர்க் சீல், பேட்டரி என்று கூட்டிப் பார்த்தால் இரண்டு வண்டிக்கும் விலையில் இருந்த வித்தியாசம் கரைந்துவிடும் போலிருக்கிறது. அதைச் சொன்னேன், அவர் விலையைக் குறைக்க ஒப்பவில்லை.

ஞாயிறன்று மாதவரம் போகிறேன். 31,000 ஓடிய வண்டியில் முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

பதில்: கோன்செட்

முதலில் குனிந்து அடிப்பக்கத்தைப் பாருங்கள். அந்த வண்டிக்குத் தரையிலிருந்து இடைவெளி 135 மில்லிமீட்டர்தான். நம் ஊர் வேகத்தடைகளில் இருவராக ஏறி இறங்கியிருந்தால் எஞ்சின் அடியிலும் சைலன்சர் குழாயிலும் உரசிய தடம் இருக்கும். கீறல் இருந்தால் பரவாயில்லை. நசுங்கலோ ஆயில் கசிவோ இருக்கக் கூடாது. பிறகு முன் சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி ஹேண்டிலை மெதுவாக இடமும் வலமும் திருப்புங்கள். நடுவில் ஓரிடத்தில் தட்டி நின்றால் கோன்செட், அதாவது ஹேண்டில் திரும்ப உதவும் பேரிங், போய்விட்டது என்று பொருள். செயினும் பல்சக்கரமும் இன்னும் மாற்றப்படவில்லை என்றால் அதன் செலவை விலையில் கழியுங்கள். 241 கிலோ எடையுள்ள வண்டி என்பதால், வாங்கும் முன் உங்கள் தெருமுனையில் நீங்கள் திருப்பும் அளவு இடத்திலேயே எஞ்சினை அணைத்துவிட்டுத் தள்ளித் திருப்பிப் பாருங்கள்.

எஞ்சினை முன்கூட்டியே ஓடவிட வேண்டாம் என்று இன்றைக்கே போனில் சொல்லிவிட்டு, காலை ஏழு மணிக்குள் போய்விடுங்கள். வெயில் ஏறிவிட்டால், எஞ்சினைத் தொட்டுப் பார்க்கும்போது இருக்கும் சூடு வெயிலால் வந்ததா, ஸ்டார்ட் செய்ததால் வந்ததா என்று கண்டுபிடிக்க முடியாது.