தாத்தாவின் உளிகள்

குழு: நம்ம வீடு

*சனி*

நான்: பெரியப்பா, பரணில் தாத்தாவின் உளிப்பெட்டி கிடைத்தது. அரை இன்ச் உளியை ஒரு பட்டறையில் கொடுத்துச் சாணை பிடித்து வாங்கினேன். நுனி நீலமாகிவிட்டது. படம் பாருங்கள்.

பெரியப்பா: அடடா. சக்கரத்தில் சூடேறிப் பதம், அதாவது எஃகின் கடினம், போய்விட்டதுப்பா. ஏறக்குறைய 300 டிகிரி ஏறினால்தான் அந்த நீலம் வரும். அந்த இடம் இனிக் கூர் தாங்காது.

நான்: அப்போ வீணா?

பெரியப்பா: இல்லவே இல்லை. நீலம் 2, 3 மி.மீ. தான் தெரிகிறது. அதுவரை கல்லில் தேய்த்து எடு. உள்ளே நல்ல எஃகு இருக்கிறது. ஒரு நாள் ஆனாலும் சரி, மறுபடி சக்கரத்துக்குப் போகாதே.

சித்தப்பா: பெட்டியில் இருக்கிற கல் நடுவில் குழிந்திருக்கும். முதலில் அதைச் சமமாக்கு. கனமான கண்ணாடி மேல் முரட்டு உப்புத்தாளை விரித்து, தண்ணீர் விட்டுத் தேய். குழிந்த கல்லில் தீட்டினால் நுனி வளைந்துதான் வரும்.

பெரியப்பா: தம்பி சொல்வது சரி. அப்புறம் உளியின் முதுகு, அதாவது தட்டையான பக்கம். எல்லோரும் நுனியில் சாய்வாக இருக்கிற சரிவையே தேய்ப்பார்கள், முதுகை மறந்துவிடுவார்கள். இரண்டு பக்கமும் சேருகிற இடம்தானே கூர்? நுனியை ஒட்டி ஓர் இன்ச் தட்டையாக மின்னினால் போதும்.

நான்: சரிவுக்கு எத்தனை டிகிரி?

பெரியப்பா: 30 வை. உளியின் தடிமனைப் போல இரண்டு மடங்கு நீளத்தில் சரிவு இருந்தால் அது 30. ஸ்கேலே போதும். சரிவில் மார்க்கர் மை பூசித் தேய். மை எங்கே அழிகிறதோ அங்கேதான் கல் படுகிறது.

*ஞாயிறு*

நான்: நீலம் போய்விட்டது! முதுகுப் பக்கம் விரலை நுனியைத் தாண்டி இழுத்தால் முள் மாதிரி தட்டுகிறது.

பெரியப்பா: அதுதான் பிசிறு. இந்த ஓரம் முதல் அந்த ஓரம் வரை தட்டுகிறதா?

நான்: இடது மூலையில் இல்லை.

பெரியப்பா: அங்கே இன்னும் கூர் வரவில்லை. வந்ததும் முதுகைக் கல்லோடு படுக்கவைத்து இரண்டு இழுப்பு. பிறகு பழைய தோல் பெல்ட்டில் பின்னோக்கி மட்டும் இழு.

அத்தை: அப்பா கட்டைவிரல் நகத்தில் வைத்துப் பார்ப்பார். வழுக்காமல் நின்றால்தான் வேலைக்கு எடுப்பார்.

நான்: நகத்தில் நிற்கிறது அத்தை! வேப்பங்கட்டையைக் குறுக்கே அறுத்த வெட்டுமுகத்தைச் சீவினேன். பொடியாக உதிராமல் சுருளாக வந்தது. கையில் வைத்திருக்கிறேன்.

அத்தை: தேங்காயெண்ணெய் தடவித் துணியில் சுற்றி வை கண்ணு.

பெரியப்பா: அடுத்து கால் இன்ச் உளி. குறுகலானது, கல்லில் சாயும். நிதானமாகப் பிடி.