துபாய் கிளைக்கு ஆவணச் சான்றொப்பம்: அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. திருப்பூரில் நானும் அண்ணனும் நடத்தும் பனியன் கம்பெனிக்குத் துபாயில் ஒரு கிளை தொடங்குகிறோம். பதிவுச் சான்றிதழ், மெமோரண்டம், போர்டு தீர்மானம், அங்கே கையெழுத்துப் போடப் போகிற மச்சானுக்கு ஒரு பவர் பத்திரம், எல்லாம் தயார்.

ஏஜென்ட் ஒருவர் இவற்றுக்கு அப்போஸ்டில் (உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகள் தங்களுக்குள் ஏற்றுக்கொள்ளும் ஒற்றைச் சான்று) வாங்கிக் கொடுத்துவிட்டார். அது துபாய்க்குச் செல்லாது என்பது பிறகுதான் தெரிந்தது. 2005 முதல் இந்தியா அப்போஸ்டில் உடன்படிக்கையில் இருக்கிறது, ஓமனும் இருக்கிறது, அமீரகம் சேரவில்லை. அதனால் நோட்டரி, வர்த்தக சபை, டெல்லி வெளியுறவு அமைச்சகம், அமீரகத் தூதரகம், கடைசியில் அங்குள்ள வெளியுறவு அமைச்சகம் என்று ஒவ்வொரு படியாக ஏற வேண்டும். அப்புறம் அரபி மொழிபெயர்ப்பு வேறு.

அப்போஸ்டில் ஒட்டிய அதே தாள்களில் மேற்கொண்டு சான்று வாங்கலாமா, புது நகலில் நோட்டரியிலிருந்தே தொடங்க வேண்டுமா? இதுதான் பெரிய குழப்பம். பவர் பத்திரத்தை ஆரம்பத்திலேயே அரபி, ஆங்கிலம் இரண்டிலும் எழுதிவிடுவது நல்லதா?

அண்மையில் இதைச் செய்தவர்கள் எத்தனை நாள் ஆனது என்றும் சொல்லுங்கள். கடைக்கு முன்பணம் கொடுத்துவிட்டோம், ஒவ்வொரு நாளும் கனக்கிறது.